மிஷன் பகுதியில் வீட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததில் கற்றவை

சான் பிரான்சிஸ்கோவில் மலிவு வாடகை வீடு கட்டி முடித்துவிட்டாலே அது உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. நடுவில் ஒரு விண்ணப்பம், ஒரு குலுக்கல், அதற்குப் பிறகு ஒரு கட்டு ஆவணம். மாதச் சம்பளச் சீட்டு வாங்குகிற, ஆங்கிலம் படிக்கிற, எல்லா அட்டையிலும் ஒரே பெயர் இருக்கிற, அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள் என்று அளவாக வாழ்கிற குடும்பத்தை மனதில் வைத்தே அந்தத் தாள்களை எழுதியிருக்கிறார்கள். மிஷன் பகுதியில் நான் சந்திக்கும் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்த, குடும்பங்கள் பலவும் இதில் ஏதாவது ஒன்றில் தடுக்கி நிற்கின்றன. வருமானம் சரியாக வரம்புக்குள் இருக்கும், தகுதியும் இருக்கும், ஆனாலும் வீடு வேறொருவருக்குப் போய்விடும்.

சில வருடங்களாகச் சனிக்கிழமை காலைகளில் அங்கே ஓர் உதவி மையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். என் ஸ்பானிஷில் பாதி வகுப்பில் கற்றது, மீதி அந்தக் குடும்பங்களே சொல்லிக் கொடுத்தது. அங்கே பார்த்ததை, இதே வேலையைச் செய்ய நினைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஊர் நிலவரம். மெக்சிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலா, நிகராகுவா, ஹோண்டுராஸ் என்று பல நாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வேர்விட்ட இடம் மிஷன். 24வது தெருவை ஒட்டிய பகுதியை 2014-இல் நகரமே லத்தீனோ பண்பாட்டு மாவட்டமாக அறிவித்தது. ஆனால் 2000-க்குப் பிறகு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட லத்தீனோ மக்கள் இந்தப் பகுதியை விட்டுப் போய்விட்டதாக அங்குள்ள அமைப்புகள் கணக்குச் சொல்கின்றன. கணினி நிறுவனங்களின் பணம் வந்ததால் வாடகை ஏறியது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதற்குள் சட்டத்தின் கையும் இருக்கிறது. 1979 ஜூனுக்கு முன் கட்டிய அடுக்குமாடிகளில் வாடகைக் கட்டுப்பாடு உண்டு. விலைவாசி ஏற்றத்தில் 60 சதவீதம்தான் வருடத்துக்கு ஏற்றலாம், அதுவும் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் 1995-இல் வந்த காஸ்டா-ஹாக்கின்ஸ் என்ற மாநிலச் சட்டம், பழைய குடித்தனக்காரர் தானாகக் காலி செய்துவிட்டால் அடுத்தவரிடம் என்ன வாடகை வேண்டுமானாலும் வாங்கலாம் என்றது. 1985-இன் எல்லிஸ் சட்டப்படி, வாடகைத் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்று சொல்லி உரிமையாளர் கட்டடத்தில் உள்ள எல்லோரையும் வெளியேற்றலாம். ஆக, இருபது வருடமாகக் குறைந்த வாடகையில் இருக்கும் சால்வடோர் பாட்டி அந்தக் கட்டடத்தின் மதிப்பைக் குறைக்கிறவர் ஆகிவிடுகிறார். அவர் போனால்தான் லாபம். பின்னால் நடக்கும் தொல்லைகளுக்கெல்லாம் வேர் இதுதான்.

போகாமல் மிஞ்சியவர்கள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். வரவேற்பறையில் ஒரு குடும்பம், படுக்கையறைக்கு ஒரு குடும்பம், சமையலறை பொது. 2020 ஏப்ரல் கடைசியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் உள்ளூர் லத்தீனோ அமைப்புகளும் சேர்ந்து மிஷனில் கொரோனா பரிசோதனை முகாம் நடத்தின. தொற்று உறுதியானவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் லத்தீனோக்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் வழியில்லை, நோய் வந்தால் ஒதுங்கிப் படுக்க ஓர் அறையும் இல்லை. வீடு என்பது உடல்நலப் பிரச்சினைதான் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

மாற்றமும் வந்தது, தெருவில் இறங்கிக் கேட்டதால் வந்தது. 2015 நவம்பரில் 310 மில்லியன் டாலர் வீட்டுவசதிக் கடன் பத்திரத்துக்கு நகர மக்கள் வாக்களித்தார்கள். அதில் 50 மில்லியன் மிஷனுக்கென்றே ஒதுக்கியது. 1973-இல் தொடங்கிய மிஷன் பொருளாதார மேம்பாட்டு அமைப்பு, மற்ற வீட்டுவசதி அமைப்புகளோடு சேர்ந்து காசா அடெலாந்தே என்ற பெயரில் வரிசையாகக் கட்டடங்கள் எழுப்பியது. ஷாட்வெல் தெருவில் முதியோருக்கு 94 வீடுகள், ஃபோல்சம் தெருவில் 127 வீடுகள். பழைய குடித்தனக்காரர்களோடு விற்பனைக்கு வரும் சின்னக் கட்டடங்களை நகரப் பணத்தில் வாங்கி, யாரையும் வெளியேற்றாமல் நிரந்தர மலிவு வீடாக மாற்றும் திட்டமும் 2014 முதல் நடக்கிறது. புதிதாகக் கட்டுவதைவிட இது எனக்குப் பிடித்த வழி. பாட்டி தன் அடுப்படியை விட்டு நகர வேண்டியதில்லை.

சரி, வீடுகள் வந்தன. இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம்.

நகரத்தின் மலிவு வீடுகளுக்கு டாலியா என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்பானிஷிலும் இருக்கிறது, கட்டணம் கிடையாது. யாராவது விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிட வேண்டும். குலுக்கலில் எல்லோரும் சமம் இல்லை, சில முன்னுரிமைகள் உண்டு. எல்லிஸ் சட்டம் போன்றவற்றால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஒரு முன்னுரிமை. புதுக் கட்டடத்துக்கு அரை மைல் சுற்றிலோ அதே தேர்தல் வட்டத்திலோ குடியிருப்பவர்களுக்கு 40 சதவீத வீடுகள் வரை இன்னொரு முன்னுரிமை. ஆயிரக்கணக்கானோர் போட்டியிடும் குலுக்கலில் முன்னுரிமை இல்லாதவருக்கு நடைமுறையில் வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் உள்வாடகைக்கு இருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பதினைந்து வருடமாக மிஷனிலேயே இருப்பார்கள், ஆனால் மின்சாரக் கட்டணமும் எரிவாயுக் கட்டணமும் முதன்மைக் குடித்தனக்காரர் பெயரில் வரும். அந்தப் பகுதியில் வசிக்கிறார் என்று காட்ட ஒரு தாள்கூட இருக்காது. அதனால் புதிதாக வருகிறவர்களிடம் வீடு பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே, இந்த முகவரிக்கு உங்கள் பெயரில் ஏதாவது ஒரு கடிதம் மாதாமாதம் வரும்படி செய்யுங்கள் என்று சொல்கிறேன். இணைய இணைப்பை இவர் பெயருக்கு மாற்றலாம். பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டில் முகவரியைச் சரிசெய்யலாம். சம்பளச் சீட்டில் பழைய முகவரி இருந்தால் முதலாளியிடம் கேட்டு மாற்றலாம். விளம்பரம் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. சான்று சமீபத்தியதாகவும் இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். லத்தீனோக்களுக்குப் பெரும்பாலும் இரண்டு குடும்பப் பெயர்கள், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. பாஸ்போர்ட்டில் இரண்டும் இருக்கும். வங்கி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். மருத்துவமனை இரண்டாவதைக் கடைசிப் பெயராக எழுதும். இனிஷியலை விரித்து எழுதியதால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடும் அமெரிக்க அட்டைகளில் வேறு வரிசையிலும் வாழ்கிற நமக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. ஆனால் சரிபார்க்கும் அலுவலருக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தெரியும். டாலியாவில் பாஸ்போர்ட்டிலோ தூதரக அட்டையிலோ உள்ளபடியே பெயரை எழுதுவதும், மற்ற பெயர்களெல்லாம் இவரையே குறிக்கின்றன என்று ஒரு கையெழுத்திட்ட கடிதத்தை முன்கூட்டியே தயாராக வைப்பதும் பல வாரத் தாமதத்தைத் தவிர்க்கும்.

வீட்டுக்கு எத்தனை பேர் என்ற கேள்வியையும் அவசரமாகக் கடந்துபோகக் கூடாது. ஒரே அறிவிப்புக்கு ஒருவர் பெயர் ஒரு விண்ணப்பத்தில்தான் வரலாம். மகன் தன் விண்ணப்பத்தில் அம்மாவைச் சேர்ப்பார், மகளும் சேர்ப்பார். யாருக்குக் கிடைத்தாலும் அம்மா அவர்களோடு போவார் என்பது குடும்பத்தின் நியாயமான எண்ணம். கணினிக்கு அது இரட்டைப் பதிவு, விண்ணப்பங்கள் தள்ளுபடியாகிவிடும். இப்போது ஒரு குடும்பம் வந்தால், உங்கள் அண்ணன் தம்பிகளும் இதற்குப் போடுகிறார்களா என்று கேட்டு, முடிந்தால் எல்லோரையும் ஒரே நாளில் வரவழைத்து உட்கார வைக்கிறோம்.

அப்புறம் வருமானம். வீடு துப்புரவு, கட்டடக் கூலி, சமையல் வேலை, தெருவில் தமாலே என்ற சோளமாவுப் பண்டம் விற்பது, இவற்றில் கணிசமான பகுதி ரொக்கம். மலிவு வீட்டுக்கும் குறைந்தபட்ச வருமானம் கேட்பார்கள். பெரும்பாலும் வாடகையைப் போல் இரண்டு மடங்காவது காட்ட வேண்டும். இவர்கள் சம்பாதிக்கிறார்கள், அதைக் காட்டும் தாள்தான் இல்லை. நான் பார்த்தவரை பலன் தருவது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். தேதி, யார் வீட்டு வேலை, எவ்வளவு பணம் என்று எழுதிக்கொண்டே வந்து, அதே தொகையை வாராவாரம் வங்கியில் போட்டால், இரண்டும் ஒத்துப்போகும்போது அலுவலர் ஏற்றுக்கொள்கிறார். வேலை கொடுப்பவர்களில் இரண்டு பேராவது கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தால் இன்னும் உறுதி. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் ஐ.டி.ஐ.என். என்ற வரி எண்ணில் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அந்தப் படிவமும் வருமானச் சான்று. ஆனால் இன்றைய குடியேற்றச் சூழலில், புதிதாக அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் பேசிவிடச் சொல்கிறேன். அது நான் முடிவு சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

குடியேற்ற ஆவணம் இல்லாத ஒருவர் வீட்டில் இருந்தால் எந்த மலிவு வீட்டுக்கும் போட முடியாது என்ற நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. அதனாலேயே விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் ஏராளம். உண்மை அப்படி இல்லை. வாடகையில் ஒரு பங்கை மத்திய அரசே கட்டும் வவுச்சரும் அரசின் பொது வீடுகளும் 1980-இல் வந்த சட்டத்துக்கு உட்பட்டவை. தகுதி உள்ளவர்கள் எத்தனை பேரோ அந்த அளவுக்கு உதவியைப் பிரித்துக் கணக்கிடுவார்கள். ஆனால் மலிவு வீடு கட்டுவதற்கு முதலீட்டாளருக்கு வரிச்சலுகை தரும், 1986-இல் தொடங்கிய திட்டத்தில் கட்டிய வீடுகளுக்கு, வேறு மத்திய உதவி கலக்காதவரை, அப்படியொரு குடியுரிமை நிபந்தனை கிடையாது. இன்று கட்டப்படும் மலிவு வீடுகளில் பெரும்பான்மை இந்தத் திட்டத்தில் வருபவைதான். எந்தக் கட்டடத்துக்கு எந்தப் பணம் என்பதை அறிவிப்பிலேயே தேடிப் பார்த்து, தெரியாவிட்டால் நிர்வாகத்தைப் பெயர் சொல்லாமல் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகுதான் குடும்பத்திடம் பேசுகிறேன். 2020-இல் அரசு உதவி பெற்றால் கிரீன் கார்டு விண்ணப்பம் மறுக்கப்படலாம் என்ற விதி அமலுக்கு வந்து, 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. விதி போய்விட்டாலும் அந்தப் பயம் வருடக்கணக்கில் இருந்தது. யாரையும் பயப்படாதே என்று சொல்லிப் பலனில்லை. எந்தத் திட்டம், எந்த விதி, கேட்க எந்த வக்கீல் என்று குறிப்பாகச் சொன்னால்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இன்னொன்று. ஸ்பானிஷில் அச்சடித்துவிட்டால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நகர அலுவலகங்கள் நினைக்கின்றன. மிஷனில் யுகடான் பகுதியிலிருந்து வந்த மாயா மொழிக் குடும்பங்கள் இருக்கின்றன. குவாத்தமாலாவிலிருந்து வருகிறவர்களில் மாம் மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பானிஷ் அவர்களுக்குப் பள்ளியில் அரைகுறையாகக் கற்ற இரண்டாம் மொழி. இந்தியர் என்றாலே இந்தி தெரியும் என்று நினைக்கிறவர்களிடம் நாம் எத்தனை முறை விளக்கியிருப்போம்! ஒரு மாம் பெண் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் "சி, சி" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த அவருடைய உறவுக்காரர் மாம் மொழியில் திருப்பிச் சொன்ன பிறகுதான் வாடகை மாதத்துக்கா வாரத்துக்கா என்பதே தெளிவானது. இப்போது முதல் கேள்வியாக, வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள் என்று கேட்கிறேன். தேவையென்றால் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குகிறோம்.

புது வீடு கிடைப்பது ஒரு பக்கம். இருக்கிற வீட்டை இழக்காமல் இருப்பது அதைவிட முக்கியம், அதற்கான சட்டங்கள் கலிஃபோர்னியாவில் நிறையவே இருக்கின்றன, தெரிந்தவர்கள்தான் குறைவு. வாடகை ஒப்பந்தம் பற்றி வீட்டுக்காரர் ஸ்பானிஷில் பேசி முடித்தால், கையெழுத்துக்கு முன் ஸ்பானிஷ் பிரதி கொடுக்க வேண்டும். ஸ்பானிஷ், சீனம், தகாலோக், வியட்நாமியம், கொரியம் ஆகிய ஐந்துக்கும் இது பொருந்தும். சொந்த மொழிபெயர்ப்பாளரோடு வந்தால் விலக்கு உண்டு, ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளர் வயதுவந்தவராக இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைதான் அம்மாவுக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொல்லும் வீடுகள் இங்கே ஏராளம். அந்தப் பிள்ளையின் தோளில் வாடகை ஒப்பந்தத்தைச் சுமத்தக் கூடாது என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது.

வீட்டுக்காரர் குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது. அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவது 2018 முதல் தெளிவாகச் சட்டவிரோதம், வழக்குப் போடலாம். பூஞ்சை பிடித்த சுவரைப் பற்றி நகரக் கட்டடத் துறையிடம் புகார் செய்ததற்காகப் பழிவாங்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஸ்பானிஷில் ஒரு சின்ன அட்டையாக அச்சடித்துக் கொடுக்கிறோம். பலர் அதைப் பர்ஸில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கொடுத்துக் காலி செய்ய வைப்பது மிஷனில் சர்வசாதாரணம். இருபதாயிரம் டாலர் என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். அதே அளவு வீட்டைச் சந்தை வாடகையில் பிடித்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது. சான் பிரான்சிஸ்கோவில் இந்தப் பேச்சைத் தொடங்கும் முன்பே வீட்டுக்காரர் உரிமைகளை விளக்கும் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகும் 45 நாட்களுக்குள் மனம் மாறலாம். ஒரு வயதான தம்பதி அந்த 45 நாட்களுக்குள் எங்களிடம் வந்து சேர்ந்ததால் இன்றும் அதே வீட்டில் இருக்கிறார்கள்.

நீதிமன்றத் தாள் வந்துவிட்டால் பேசிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கவே கூடாது. பதில் தாக்கல் செய்ய 2025 ஜனவரி முதல் நீதிமன்ற வேலை நாட்கள் பத்து, அதற்கு முன் வெறும் ஐந்துதான். தவறவிட்டால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பாகிவிடும். 2018 ஜூனில் நகர மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டத்தால், சான் பிரான்சிஸ்கோவில் வெளியேற்ற வழக்கைச் சந்திக்கும் குடித்தனக்காரருக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. வருமான வரம்பு கிடையாது. என்னைக் கேட்டால், மற்ற எல்லாச் சட்டங்களையும் உயிரோடு வைத்திருப்பது இந்த ஒன்றுதான். உரிமை தாளில் இருந்து என்ன பயன், அதை நீதிபதி முன் சொல்ல ஒரு குரல் வேண்டும்.

இத்தனை விண்ணப்பமும் வழக்கும் நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை ஆகாது. வேலை நிமித்தம் பாஸ்டன் போனபோது வில்லா விக்டோரியா என்ற குடியிருப்பைப் பார்க்கவென்றே ஒரு மாலை ஒதுக்கினேன். அந்த நகரின் சவுத் எண்ட் பகுதியில் இருந்த புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்களை நகரச் சீரமைப்பு என்ற பெயரில் 1960-களில் அகற்றப் பார்த்தார்கள். பார்சல் 19 என்று வரைபடத்தில் எண் போட்ட அந்த இடத்தை விட்டு நகர மாட்டோம் என்று அவர்கள் 1968-இல் அமைப்பாகத் திரண்டு, நிலத்தை மேம்படுத்தும் உரிமையைத் தாங்களே பெற்றார்கள். ஜான் ஷாரட் என்ற கட்டடக் கலைஞரோடு உட்கார்ந்து, நடுவில் சதுக்கம், எதிரெதிரே வாசல்கள், தெருவைப் பார்த்த படிகள் என்று தாங்கள் வாழ விரும்பிய ஊரை வரைந்தார்கள். நான் போனபோது சதுக்கத்தில் பெரியவர்கள் டொமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பாஸ்டனின் விலை உயர்ந்த வீடுகள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அவர்கள் அங்கேயே இருப்பதற்குக் காரணம், சொத்து அவர்கள் அமைப்பின் பிடியில் இருப்பது. மிஷனிலும் இப்போது அந்தத் திசையில் போகிறார்கள். 2019-இல் வந்த நகரச் சட்டப்படி, மூன்றோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள குடியிருப்புக் கட்டடம் விற்பனைக்கு வந்தால் தகுதிபெற்ற சமூக அமைப்புகளுக்கு முதலில் வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதித் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் சான் ஹோசே, ஃப்ரீமாண்ட், ட்ரேசி பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறோம். நம் வீட்டுக்கு விண்ணப்பிக்கும் லத்தீனோ குடும்பத்துக்கு முன்னால் நாம்தான் அந்தத் தாளை வைக்கிறோம். வவுச்சர் இருக்கிறது என்பதற்காக மறுப்பது 2020 முதல் கலிஃபோர்னியாவில் சட்டவிரோதம். வாடகையைப் போல் மூன்று மடங்கு வருமானம் என்று கேட்டால், வவுச்சர் போக அந்தக் குடும்பம் தரும் பங்குக்குத்தான் அந்தக் கணக்கு. வவுச்சர் வைத்திருப்பவரின் கிரெடிட் ஸ்கோரை மட்டும் பார்த்துத் தள்ளிவிட முடியாது. வாடகை கட்ட முடியும் என்பதற்கு வேறு சான்று தரும் வாய்ப்பை 2024 முதல் கொடுத்தாக வேண்டும். அட்வான்ஸும் 2024 ஜூலை முதல் ஒரு மாத வாடகைதான், ஓரிரு வீடு மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு இரண்டு மாதம் வரை விலக்கு உண்டு. இவையெல்லாம் சட்டம் கேட்பவை. சட்டம் கேட்காமலே செய்யக்கூடியதும் உண்டு. ஐ.டி.ஐ.என். வைத்திருப்பவரை ஏற்றுக்கொள்ளலாம், ரொக்க வருமானத்துக்கு அந்த நோட்டுப் புத்தகத்தைச் சான்றாகப் பார்க்கலாம், பாட்டியும் சேர்ந்து வருகிறார் என்றால் முகம் சுளிக்காமல் இருக்கலாம்.

சனிக்கிழமை வேலைக்கு ஆள் எப்போதும் போதாது. ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் ஆவணங்களை ஸ்கேன் செய்ய, கடைசித் தேதிகளை நாட்காட்டியில் குறித்து நினைவூட்ட, குலுக்கலில் எண் வந்தவர்களுக்கு அலுவலகம் கொடுக்கும் சில நாட்களுக்குள் தாள்களை ஏற்றிக் கொடுக்க என்று வேலைகள் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் குடித்தனக்காரர் சங்கம் ஒன்று இருக்கும். போய்க் கேளுங்கள், பெரும்பாலும் அன்றைக்கே ஒரு நாற்காலியும் ஒரு கட்டுப் படிவமும் கொடுத்துவிடுவார்கள்.